காசின் பிறவிக் குற்றமும் வந்தேறு குற்றமும்

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்துற்ற காலத்தில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார் திருக்கூட்டத்துடன் அத்தலத்தில் எழுந்தருளியிருந்தனர். அடியார் பசியால் வருந்தாவண்ணம் இறைவன் அவ்விருவர்க்கும் நாடோறும் ஒவ்வொரு காசு படியாக அளித்தருளினான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. நாவுக்கரசர் பெற்ற காசு கடைத்தெருவில் உடனே செல்லுபடியாயிற்று. பிள்ளையார் பெற்ற காசுக்கோ வணிகர் வாசி கேட்டனர். அதனால் பண்டங்கள் வந்துசேரக் காலம் தாழ்ந்தது. அவர் திருமடத்தில் அடியார்க்கு அமுதளிக்கும் பொழுதும் தாழ்ந்தது. காரணம் அறிந்த பிள்ளையார், வாசி தீர்ந்த நற்காசு அருளுமாறு பதிகம் பாடினார். அன்று முதல் அவர்க்கும் குற்றமற்ற காசே கிடைத்தது.

வாசி என்பது யாது? காசுக்கு விதித்த மதிப்புக்கும் அதனைக் கையில் வாங்குவோன் கொடுக்க இசையும் மதிப்புக்கும் இடையே உள்ள குறைவு. பிற்காலத்தார் வட்டம் என்றதும் இதுவே. காசின் மாற்றுக் குறைந்தாலும், எடை குறைந்தாலும், முத்திரை தெளிவாக இல்லாவிடினும், ஓரம் வெட்டுண்டிருந்தாலும் வணிகன் வாசி கேட்பான். மிழலையில் பெற்ற காசின் குறை இவற்றுள் எது என்று புராணம் விரித்துரைக்கவில்லை. வரலாற்றின் நோக்கம் அருளைக் காட்டுவதாதலின் அது வேண்டப்படவும் இல்லை. ஆயினும், ஒரு காசைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, இது நன்று, இது குறையுடையது என்று தேர்ந்து சொல்லும் வழக்கம் தமிழகத்தில் அத்துணைப் பழமையானது என்பது இதனால் விளங்கும்.

அவ்வாறு தேர்ந்து சொல்வாரை வண்ணக்கர் என்று வழங்கினர். சங்கப் புலவர் வரிசையிலேயே வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் முதலிய பெயர்கள் காணப்படுகின்றன. மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் அறங்காவற் பொறுப்புடையாரை வண்ணக்கர் என்று அழைக்கும் வழக்கு உண்டு. பொன்னும் காசும் எண்ணி ஏற்கும் பொறுப்புடையாரிடமே கோயிற் பொறுப்பும் சேர்ந்தது போலும். சோழர் காலக் கல்வெட்டுக்கள் நந்தா விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு கொடுத்த செய்தியைக் கூறுமிடத்து, வெறுங்காசு என்னாது அன்றாடு நற்காசு என்று குறித்தல் காணலாம். அஃதாவது, அன்றைய வழக்கில் செல்லுகின்ற, குற்றமில்லாத காசு. கொடுத்தவர் பெயரோடு கொடுத்த காசின் தகுதியையும் கல்லில் வெட்டி வைத்தனர் முன்னோர்.

வண்ணக்கர்க்கு வேண்டியிருந்தது காசு செல்லுமா செல்லாதா என்னும் ஒரு முடிவே. இன்று பழங்காசை ஆராய்வோர்க்கு வேண்டுவது இன்னுமொன்று. காசில் ஒரு கோணல், ஒரு கீற்று, ஒரு பள்ளம், ஓர் எழுத்தின் குறை காணப்படுமாயின், அது அச்சுச் சாலையிலேயே நேர்ந்ததா, அன்றி வெளிவந்த பின்னர் யாரோ ஒருவர் கையாலோ மண்ணாலோ நேர்ந்ததா என்று பிரித்தறிய வேண்டும். முன்னது காசின் பிறவிக் குற்றம். பின்னது வந்தேறு குற்றம். சைவ சித்தாந்தம் பயின்றோர்க்குச் சகசம், ஆகந்துகம் என்னும் சொற்கள் புதியனவல்ல. அப்பாகுபாட்டையே ஈண்டும் கொள்ளலாம். ஒன்று மட்டும் நினைவிலிருத்தல் வேண்டும். செம்பிற் களிம்பு ஆணவத்துக்கு உவமையாகச் சொல்லப்படுவது அது உடன்பிறந்தது என்னும் கருத்துப் பற்றி. நாணய ஆராய்ச்சியிலோ களிம்பு மண்ணும் ஈரமும் சேர்ந்து பின்னர்ப் படிவித்தது. உவமையை ஒருபுடை ஒப்புமையாகவே கொள்க.

பிறவிக் குற்றத்தை அறிய வேண்டின் பிறப்பை அறிதல் வேண்டும். பழங்காலத்து அக்கசாலையில் காசு அடித்த முறை எளிது. (கொற்கையை அடுத்து அக்காசாலை என்னும் ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகின்றது. சென்னையிலும் தங்கசாலை என்பது தெருப்பெயராய் நிலைத்துவிட்டது.) பொன், வெள்ளி, செம்பு ஆகியவற்றுள் ஒன்றை உருக்கி, அளவான எடையுள்ள சிறு வில்லைகளாக்குவர். கீழச்சு ஒன்றைப் பட்டடையில் அசையாது பதித்திருப்பர். வில்லையை அதன்மேல் வைத்து, மேலச்சைக் கையாற் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். அச்சில் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கும்; அடியின் வேகத்தில் வில்லையின் உலோகம் அக்குழிகளுக்குள் ஓடிப் புகுந்து, காசில் உருவம் புடைத்தும் நேராகவும் எழும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான காசுகளை அடிக்கும் கை சில வேளை தவறும். அச்சும் அடிபட்டு அடிபட்டுத் தேயும், வெடிக்கும்.

காசின் உலோகம் அச்சின் குழிக்குள் ஓடிப் புகுந்தது என்னும் இந்த ஒரு செய்தியை மறவாதிருப்பின் பாதி வேலை முடிந்தது. அச்சில் வெடிப்பு உண்டானால் அவ்வெடிப்பும் ஒரு குழியே. உலோகம் அதனுள்ளும் புகும். எனவே அச்சின் வெடிப்பு, காசின்மேல் புடைத்த கோடாகத் தோன்றும்; மயிரிழை போல மெலிந்து, வளைந்து நெளிந்து, பெரும்பாலும் விளிம்பிலிருந்து புறப்பட்டு எழுத்தையோ உருவத்தையோ சென்று தொடும். காசு வெளிவந்தபின் ஆணியோ கத்தியோ கீறிய கோடு இவ்வாறு புடைத்திராது. அது பள்ளமாக இருக்கும். கீறியபோது ஒதுங்கிய உலோகம் பள்ளத்தின் ஓரத்தில் பிசிறாக நிற்கும். விரல் நுனியை மெல்ல ஓட்டினாலே சில வேளை வேறுபாடு தெரியும். காசைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஐயமின்றித் தெரியும். நேர் வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் ஒன்றுபோல மயக்கும். ஆராய்ச்சியிற் பழகியவரும் நிழற்படத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இதனாலேயே.

பள்ளங்கள் யாவும் வந்தேறியவை என்று உடனே கொள்ளுதலும் பிழை. வில்லையில் அடிக்கும் முன்னரே ஒரு சிறு குழியோ, உரிந்த இடமோ இருந்திருக்கலாம். அப்பொழுது நோக்க வேண்டியது பள்ளத்தின் அடி. அடிப்பதற்கு முன் இருந்த பள்ளமாயின், அச்சு அங்கும் ஓரளவு சென்று அழுந்தியிருக்கும். ஆதலின் பள்ளத்தின் அடியில் உருவத்தின் தொடர்ச்சி மங்கலாகவேனும் தோன்றும். அடித்தபின் உரிந்ததாயின் பள்ளத்தின் அடி சொரசொரப்பாக, உருவம் யாதுமின்றி இருக்கும். விளிம்பில் காணும் பிளவும் இவ்வாறே. வில்லை இறுகிக் குளிர்ந்திருக்கையில் ஓங்கி அடித்தால் ஓரம் பிளக்கும். அப்பிளவு வெளிப்புறம் அகன்று உள்நோக்கிக் குறுகிச் செல்லும். இஃது அடியின் வலிமையைக் காட்டுவது, காசுக்கு இழுக்கன்று.

இனி, பலரும் பிழை என்று மயங்குவன சில உண்டு. அவற்றுள் முதலாவது உருவம் முழுமையாக விழாமை. பழைய அச்சுக்கள் பல வில்லையைவிட அகலமானவை. ஆகவே அச்சின் முழு உருவமும் எந்தக் காசிலும் விழுவதற்கு இடமில்லை. ஒன்றில் தலைப்பக்கமும் மற்றொன்றில் அடிப்பக்கமும் விழும். விசயநகர மன்னருள் இரண்டாம் ஹரிஹரரும் முதலாம் தேவராயரும் உமாமகேசுவரர் திருவுருவம் பொறித்த வராகன்களை வெளியிட்டனர். இக்கேரி நாயக்கரும் அத்திருவுருவத்தைப் பொறித்தனர். ஹைதர் அலி 1763-இல் அந்நாட்டைக் கைப்பற்றிய பின்னும், அம்மையப்பர் திருவுருவத்தை முன்புறத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, பின்புறத்தில் மட்டும் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்துப் பொன் வராகன் அடிப்பித்தான். மக்கள் நம்பிக் கைக்கொண்ட காசின் முகத்தை மாற்ற அவன் விரும்பவில்லை. விரலின் நகத்தளவே ஆன இவ்வராகன்களில் சில, அம்மையின் திருமுடியோ அப்பனின் திருக்கரத்து மானோ மழுவோ விளிம்புக்கு வெளியே போய்விட்டனவாய் இருக்கும். பின்னமுற்ற விக்கிரகத்தைப் போல் இதனையும் பின்னப்பட்டது என்று வருந்துவோர் உளர். இது பின்னமன்று, அச்சு பெரிது, பொன் சிறிது, அவ்வளவே. விளிம்பு இயல்பாக உருண்டு முழுமையாக இருப்பின், திருவுருவம் அக்காசில் ஒருபோதும் முழுமையாக விழுந்ததில்லை என்று தெளியலாம். விளிம்பு நேர்க்கோடாக, கத்தரியாலோ அரத்தாலோ தொடப்பட்ட அடையாளத்துடன் இருந்து, எடையும் குறையுமாயின், பொன்னுக்காக யாரோ ஓரம் நறுக்கினர் என்பது உறுதி. வராகனின் எடை ஏறத்தாழ 3.4 கிராம், தராசு இவ்விடத்தில் கண்ணினும் நல்ல சான்று.

எழுத்துக் குறைவதும் இவ்வாறே பல காரணத்தால் நிகழும். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகளில் ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் படுத்திருக்கும் இடபமும், அதன் கீழ்ச் சேது என்னும் தமிழ்ச்சொல்லும் காணப்படும். இச்சொல் இல்லாத ஒரு காசு கைக்கு வந்தால், சேது என்ற பெயரே பொறியாத புதுவகை என்று ஒருவர் எழுதிவிடக் கூடும். அவசரப்படலாகாது. அச்சு கீழ்நோக்கி விலகியிருந்தால் எழுத்துக்குரிய இடமே வில்லையில் இராது. இடபத்தின் கால்களும் விளிம்போடு ஒட்டி நிற்கும். அச்சின் எழுத்துக் குழியில் அழுக்கும் உலோகத் துகளும் அடைத்துக் கொண்டிருந்தால் எழுத்துக்குரிய இடம் இருக்கும், எழுத்து மட்டும் எழாது. அயலில் உள்ள இடபம் கூர்மையாகவே இருக்கும். புழக்கத்தால் தேய்ந்ததாயின் தேய்வு எழுத்தோடு நில்லாது. இடபத்தின் திமில், கொம்பு முதலிய உயர்ந்த இடங்கள் யாவும் மழுங்கி வழவழப்பாகும். யாரேனும் சுரண்டி எடுத்ததாயின் அவ்விடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்து, நுண்ணிய இணைகோடுகளுடன் நிறம் வேறுபட்டிருக்கும். ஒரே இன்மைக்கு நான்கு காரணம். அவற்றுள் முன்னிரண்டே பிறவிக் குற்றம்.

ஒருமுறை அடித்தும் உருவம் நன்கு எழாதபோது அக்கசாலையார் மறுமுறை அடிப்பர். இரண்டடிக்கும் இடையே வில்லை சற்றே நகர்ந்தால் உருவம் இரட்டித்துத் தோன்றும். உண்மையான இரட்டையடியில் முதல் உருவம் இரண்டாவதன் கீழே நசுங்கிக் கிடக்கும். இரண்டும் அச்சில் வெட்டிய அதே அளவும் வடிவும் உடையனவாக இருக்கும். பின்னாளில் சுத்தியால் தட்டியதால் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து விரிந்து இரட்டித்தது போலக் காட்டுவதும் உண்டு. அங்கே இரண்டாவது எழுத்து என்று ஒன்று கிடையாது. முதல் எழுத்தே பிதுங்கியிருக்கும்.

பிழைகளுள் வியப்புக்குரியது எதிருரு விழுந்த காசு. அடித்த காசு கீழே விழாமல் மேலச்சிலேயே ஒட்டிக்கொண்டதை அடிப்போன் கவனியாது, அடுத்த வில்லையை வைத்து அடித்துவிடுகிறான். அந்த வில்லையின் கீழ்ப்புறம் கீழச்சின் உருவத்தை முறைப்படி பெறும். மேற்புறத்திலோ அச்சுப் படுவதில்லை. ஒட்டியிருக்கும் காசின் புடைத்த முகமே அழுந்தும். ஆகவே மேற்புறத்தில் அதே கீழச்சின் உருவம் குழிந்தும், கண்ணாடியிற் காண்பது போல இடவலம் மாறியும் விழும். இருபுறமும் ஒரே உருவம். ஒன்று மேடு, மற்றது பள்ளம். உரோமரின் குடியரசுக் காலத்து வெள்ளித் தெனாரியங்களுள் இத்தகையன பல கிடைத்துள்ளன. நூற்றுக்கணக்கில் விரைந்து அடித்த காலத்தின் பதற்றத்தை அவை இன்றும் காட்டுகின்றன.

அருமையானது எதுவோ அதனைப் போலியாக ஆக்குவோரும் தோன்றுவர் அன்றோ? இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பட்டடைப் பிடியில் இறுக்கினால் ஒன்றின் உருவம் மற்றதில் குழிவாகப் பதியும். இதனை எதிருருக் காசு என்று சொல்லி விலை கூறுவர். கண்டுபிடிப்பது அரிதன்று. மெய்யான எதிருருக் காசில் குழிந்த உருவத்தின் அடியில் வேறு உருவம் இராது. அந்தப் புறம் அச்சை ஒருநாளும் கண்டதில்லை. இறுக்கிய காசிலோ பழைய உருவம் நசுங்கிய நிலையில் அடியில் எஞ்சி நிற்கும். மறுபுறத்தைத் திருப்பினால் அங்குள்ள மேடுகள் இரும்பில் அழுந்தித் தட்டையாகியிருக்கும். இன்னும், மெய்யானதில் குழிந்த உருவம் மறுபுறத்து மேட்டுருவத்தின் அதே அச்சுக்கு உரியது. எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இம்மூன்றையும் சோதியாது பொருள் கொடுப்பவர் பின்னர் விற்றவனை நொந்து பயனில்லை.

கோபுரம் பொறித்த காசு ஒன்றைப் பற்றி இம்மலரில் சொல்லாது விடலாகாது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1807, 1808-ஆம் ஆண்டுகளில் சென்னையில் எந்திரங் கொண்டு வெள்ளியில் அரை வராகன், கால் வராகன் காசுகளை அடித்தனர். ஒருபுறத்தில் நிலைகள் பல உடைய திருக்கோயிற் கோபுரமும் இருபுறமும் விண்மீன்களும். மறுபுறத்தில் தாமரையினின்று எழும் திருமால். தமிழிலும் தெலுங்கிலும் காசின் மதிப்பைப் பொறித்திருப்பர். அரை வராகன்கள் பல, கடல் வாணிகத்தால் வந்த இசுப்பானிய வெள்ளி டாலர்களை உருக்காமலே அவற்றின்மேல் நேராக அடிக்கப்பட்டவை. அடியின் வலிமை போதாத இடங்களில் இசுப்பானிய அரசரின் முகக்கோடோ, பழைய இலத்தீன் எழுத்துக்களோ கோபுரத்தின் இடையே தலைகாட்டும். யாரோ கோபுரத்தின்மேல் எதையோ கிறுக்கிவிட்டார் என்று இதனைத் தேய்த்து அழிக்க முயலுதல் பெரும் பிழை. அது கிறுக்கலன்று, மெக்சிகோவின் வெள்ளி சென்னைக்கு வந்த வரலாறு. கிறுக்கலாயின் கோபுரத்தின்மேல் ஓடும். பழைய காசின் எச்சமாயின் கோபுரத்தின் கீழ்க் கிடக்கும். எது மேல், எது கீழ் என்று உருப்பெருக்கியால் நோக்கின் முன்பின் விளங்கும்.

கம்பெனியார் பெயரைச் சொன்னபின் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1818 முதலிய ஆண்டுகளும் கம்பெனியின் பெயரும் பொறித்து, இராமர் பட்டாபிடேகமோ அனுமன் திருவுருவமோ கொண்ட செப்புக் காசுகள் ஊர்தோறும் விற்கப்படுகின்றன. அவை அரிசியை இழுக்கும், இடியைத் தாங்கும், வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்றெல்லாம் சொல்லி எளியோரிடம் பெரும்பொருள் பறிப்பாரும் உளர். கம்பெனி அத்தகைய காசை வெளியிட்டதே இல்லை. அவை பிற்காலத்தார் செய்துகொண்ட வில்லைகள். அவற்றில் காணும் கோணல்களை அச்சுப்பிழை என்று ஆராய்வது வீண்.

இனி வந்தேறு குற்றங்கள். இவற்றுள் பல வெறுங் கேடல்ல. காசு யார் யார் கைப்பட்டது என்பதன் சான்றுகள். புதுக்கோட்டைச் சீமையில் ஆலங்குடிப் பகுதியைச் சார்ந்த கருக்காக்குறிச்சியில் 1898-இல் ஒரு கலத்தில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர் காலத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டிய கீற்று ஒன்று உண்டு. பிரித்தானிய அருங்காட்சியகத்து நாணய அறிஞர் ஹில் அவ்வாண்டிலேயே அவற்றைப் பற்றி எழுதினார். இவ்வெட்டு அச்சின் குறையன்று என்பதற்கு அதனைப் பார்த்தலே போதும். கீற்று பள்ளமானது, தலையின் மேட்டையும் வெளியையும் ஒருசேரக் கடந்து செல்கிறது, காசுக்குக் காசு இடமும் சாய்வும் வேறு. அரசன் தலையைத் தேடி வெட்டியதும் தற்செயலன்று. அயல்நாட்டு நாணயமாகச் செல்லவிடாது வெறும் பொன்னாக்குதற்கே வெட்டினர் என்பது அறிஞர் பலர் கொள்கை. காரணம் எதுவாயினும், அவ்வெட்டுத்தான் அப்பொற்காசுகளின் தமிழக வரலாறு. உரோமில் பிறந்த கதையை முத்திரை சொல்லும். தமிழகத்தில் வாழ்ந்த கதையை வெட்டு சொல்லும். வெட்டுண்டவை மதிப்பிற் குறைந்தன என்று ஒதுக்கியிருந்தால் நாம் இழந்திருக்கக் கூடியது எத்துணை!

சராப்புக்காரர் சோதித்துக் குத்திய சிறு முத்திரைகளும் இவ்வகையின. அவை ஆழமாய், சிறியனவாய், முதல் உருவத்தைச் சிதைத்து நிற்கும். அவற்றின் நேர் மறுபுறத்தில் காசு சற்றே தட்டையாகியிருக்கும். காசுமாலைக்காகத் துளைத்த துளையும், வளையம் பற்றவைத்த அடையாளமும் எளிதில் தெரிவன. துளையை மீண்டும் அடைத்து மெருகிட்டிருந்தால் அவ்விடத்து நிறமும் எழுத்தின் ஓட்டமும் காட்டிக்கொடுக்கும்.

எந்திர அச்சு வந்தபின் நிலை சற்று மாறிற்று. 1835-இல் கம்பெனி ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் பொதுவாக வந்த வெள்ளி ரூபாயின் எடை 180 குன்றி என்று ஒரு நூலில் அச்சாகியிருக்கக் காணலாம். 180 கிரெயின் என்பதே சரி, அதாவது 11.66 கிராம். எந்திரக் காசில் வட்டமும் விளிம்பும் ஒழுங்காக அமைவதால் பிழை அரிது. அரிதாதலின் விலை மிகுதி. விலை மிகுதியாதலின் போலியும் மிகுதி. பிறைபோல ஓரம் குறைந்த ரூபாயைக் காட்டி அச்சுப்பிழை என்பர். தகட்டிலிருந்து வில்லையை வெட்டும்போதே ஓரம் குறைந்திருந்தால், குறைக்கு நேர் எதிரிலுள்ள விளிம்பும் பெரும்பாலும் மெலிந்து தோன்றும்; குறையின் அருகிலுள்ள எழுத்துக்கள் அவ்விடம் நோக்கி இழுத்தாற்போல் நீண்டிருக்கும். பின்னர் அரத்தால் அராவியதாயின் எழுத்து வெட்டென நின்றுவிடும்.

இவை யாவற்றினும் வலிய சான்று ஒன்று உண்டு. அதுவே கோயிற் பொறுப்பாளரும் திருப்பணி செய்வோரும் அறிந்திருக்க வேண்டியது. ஓர் அச்சின் குறை அவ்வச்சில் அடித்த காசுகள்தோறும் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் தோன்றும். வந்தேறிய கேடோ ஒரு காசோடு நிற்கும். ஆகவே ஐயத்துக்குரிய காசுக்கு அதன் உடன்பிறப்பைத் தேட வேண்டும். ஒன்றில் வெடிப்புக் கோடு விளிம்பளவில் நிற்க, மற்றொன்றில் அது உருவத்தின் நடுவரை வளர்ந்திருக்குமாயின் எது முந்தி அடித்தது, எது பிந்தி அடித்தது என்றும் சொல்லிவிடலாம். இதற்கு மறுதலையும் உண்டு. வெறுங் கீறலும் உளிவெட்டும் இரண்டு காசுகளில் இம்மியும் பிசகாமல் ஒரே இடத்தில் இருக்குமாயின், ஒரு காசை மாதிரியாக வைத்து வார்த்தெடுத்த கள்ளக்காசுகள் அவை என்க. கீறல் இருமுறை ஒன்றுபோல் நேராது.

உடன்பிறப்புக்களை எங்கே தேடுவது? ஒரே கலத்தில் கிடைத்த குவியலில். புனருத்தாரணத்துக்காக நிலத்தை அகழும்போதோ, பழைய மதிலைப் பிரிக்கும்போதோ காசுக் கலம் வெளிப்படுதல் உண்டு. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திருவானைக்காவில் நந்தவனத்துக்காக நிலத்தைத் திருத்தியபோது 505 பொற்காசுகள் அடங்கிய கலம் கிடைத்தது. மொத்த எடை 1.716 கிலோகிராம். வகுத்துப் பார்த்தால் காசு ஒன்றுக்குச் சராசரி 3.4 கிராம் ஆகின்றது. வராகன் எடைக்கு இஃது ஒத்திருக்கக் காணலாம். எடை ஒத்தது என்பது கொண்டே எக்காலத்தவை என்று முடிவுகட்டலாகாது. ஆயினும் முழுக் குவியலும் ஒருங்கே இருந்ததால் அன்றோ இக்கணக்கே போட முடிந்தது. ஐந்தை ஒருவரும் பத்தை ஒருவரும் பிரசாதமாகக் கொண்டு போயிருந்தால் சராசரியும் இல்லை, உடன்பிறப்பும் இல்லை.

அதனினும் கொடிது துலக்குதல். செப்புக் குடத்தைத் துலக்குவது போலப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தாலும், பொற்கொல்லரிடம் கொடுத்து மெருகேற்றினாலும், பத்து நூற்றாண்டின் சான்று அரை நாழிகையில் அழியும். பழைய பள்ளத்தின் அடியிற் படிந்த களிம்பு, அப்பள்ளம் பழமையானது என்பதற்குச் சாட்சி. நேற்றுக் கீறிய கோட்டின் அடி பளபளக்கும். தேய்த்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோல் பளபளக்கும். பிறகு எவ்வண்ணக்கராலும் பிரிக்க இயலாது. அன்பினால் செய்யும் இத்தூய்மையே காசுக்கு நேரும் வந்தேறு குற்றங்களுள் பெரியது.

கலம் கிடைத்த உடனே அதனைக் கிடந்த நிலையிலேயே நிழற்படம் எடுத்து, எண்ணி, மொத்தமாக நிறுத்து, கலத்தின் ஓட்டோடும் ஒட்டிய மண்ணோடும் சேர்த்து வைத்தல் வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிய காசுகளைப் பிரிக்க முயலாது அறிந்தவர் வரும்வரை விட்டுவைத்தல் நலம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் அதன் தன்மை, அளவு, கிடைத்த இடம், கிடைத்த நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் கடமை. அவ்வறிக்கையில் காசுகள் துலக்கப்படவில்லை என்னும் ஒரு வரியையும் சேர்த்தெழுதுவது பின்வரும் ஆராய்ச்சியாளர்க்குப் பேருதவியாகும்.